வராத கூட்டத்திற்கு அமைத்த அடித்தளம்: மிச்சிகன் காற்பந்து அரங்கின் கதை



முன்பு நான் பணியாற்றிய பள்ளியொன்றில் இணைக்கட்டடம் எழுப்புவதற்காகக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. அங்கு எழுந்த ஒரு கேள்வி இன்றளவும் என் நினைவில் நிற்கின்றது. கையிருப்பில் இருந்த நிதியைக் கொண்டு ஒரே ஒரு தளத்தை மட்டுமே கட்ட இயலும் என்ற நிலை. ஆயினும், பிற்காலத்தில் அதன்மேல் இன்னும் இரண்டு தளங்கள் எழும்பும்படி அடித்தளத்தையும் தூண்களையும் இப்பொழுதே வலுவாக அமைத்துவிடலாமா என்று குத்தகையாளர் கேட்டார். அதற்குக் கூடுதல் செலவாகும். கூட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "மாணவர் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகின்றது. இல்லாத பிள்ளைகளுக்கு எதற்கு ஐயா தூண்?" என்றார். அனைவரும் தலையசைத்தோம், நானும்தான். ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பள்ளிக்கு அருகில் புதிய குடியிருப்புப் பகுதி உருவாகிப் பிள்ளைகள் பெருகினர். மேலே ஒரு தளம் எழுப்பலாமா என்று பொறியாளரை அழைத்துக் கேட்டோம். அவர் பழைய வரைபடத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். சிற்றுண்டிச்சாலையின் ஒரு மூலையைப் பலகையால் தடுத்து, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை அங்கு அமர்த்திப் பாடம் நடத்தினோம்.

இதே கேள்விக்கு நேர்மாறான விடையை ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னர் ஒருவர் சொன்னார். அவர் கட்டியது பள்ளிக்கூடம் அன்று, விளையாட்டரங்கம். அதைக் கட்டிய வரலாற்றைப் படித்தபோது, அன்றைய கூட்டத்தில் தலையசைத்த என் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவ்வரலாற்றை ஆசிரியர்களோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இப்பதிவு.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்றொரு பல்கலைக்கழக நகரம் உண்டு. 1930ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நகரில் வாழ்ந்தோர் 27,000 பேர்கூட இல்லை. ஆனால், அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே 84,000 பேருக்கு மேல் அமரக்கூடிய விளையாட்டரங்கம் ஒன்று அங்கு எழுந்துவிட்டது. ஊரில் உள்ள கைக்குழந்தை முதல் கிழவர் வரை அனைவரையும் கொண்டுவந்து அமர்த்தினாலும் மூன்றில் இரண்டு பங்கு இருக்கைகள் வெறுமையாகக் கிடக்கும்! 1998இல் காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகத் திறக்கப்பட்ட நம் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் ஏறத்தாழ 87,000 பேர் அமரலாம். அது ஒரு நாட்டின் தலைமை அரங்கம். ஆன் ஆர்பரில் உள்ளதோ ஒரு பல்கலைக்கழக மாணவர் அணியின் அரங்கம். இன்று அதில் 107,601 இருக்கைகள் உள்ளன. உலகின் மிகப் பெரிய விளையாட்டரங்குகளின் வரிசையில் அதற்கு முன்னிலை இடம் உண்டு.

நம் பிள்ளைகள் திடலில் ஆடும் காற்பந்தாட்டமும் அமெரிக்கர் காற்பந்து என்று அழைக்கும் ஆட்டமும் வெவ்வேறானவை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர்களுடைய பந்து நீள்வட்ட வடிவமானது. அதனைக் கையில் ஏந்தி, எதிரணியினரை மோதித் தள்ளியபடி, நூறு கெஜம் நீளமுள்ள திடலின் மறுமுனைக்குக் கொண்டு செல்வதே ஆட்டம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வாட்டத்தை வளர்த்தெடுத்தவை கல்லூரிகளே. தொழில்முறைக் குழுக்கள் பின்னர் வந்தவை. ஆகவேதான் அந்நாட்டின் மாபெரும் அரங்குகள் பல இன்றும் கல்லூரி வளாகங்களில் நிற்கின்றன.

மிச்சிகன் அரங்கின் பின்னால் இருந்தவர் ஃபீல்டிங் யோஸ்ட். 1871இல் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தவர், சட்டம் பயின்றவர். 1901இல் மிச்சிகன் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்றுநராக வந்தார். அவர் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் அவருடைய அணி ஒட்டுமொத்தமாக 550 புள்ளிகள் எடுத்தது. எதிரணிகள் எடுத்த புள்ளி பூச்சியம். எழுத்துப் பிழை என்று எண்ண வேண்டா, பூச்சியமேதான். எப்பொழுதும் மாணவர்களை "விரைந்து செய்" என்று விரட்டிக்கொண்டே இருந்ததால் அச்சொல்லே அவருக்குப் பட்டப்பெயராயிற்று. 1921இல் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத்துறை இயக்குநர் பொறுப்பும் அவரை வந்தடைந்தது. அவசரக்காரர் என்று பெயரெடுத்த அம்மனிதர்தான், இருபது முப்பது ஆண்டுகள் காத்திருக்கக்கூடிய ஒரு திட்டத்தைத் தீட்டினார்.

அக்காலத்தில் மிச்சிகன் அணி ஆடிவந்த இடம் ஃபெர்ரி திடல். தேவைக்கேற்ப இங்கொரு பந்தல் அங்கொரு படிக்கட்டு என்று ஒட்டுப்போட்டு விரிவுபடுத்தி, 1920களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 46,000 பேர் அமரும் நிலைக்கு அதனைக் கொண்டுவந்திருந்தனர். அதுவும் போதவில்லை. முதல் உலகப் போர் முடிந்து, தானுந்துகள் பெருகி, மக்கள் கையில் பணப்புழக்கம் இருந்த காலம் அது. 1922இல் அண்டை மாநிலமான ஒஹாயோவின் பல்கலைக்கழகம் 66,000 பேருக்கு மேல் அமரக்கூடிய குதிரை இலாட வடிவ அரங்கைத் திறந்தது. அதன் அர்ப்பணிப்பு ஆட்டத்திற்கு அழைக்கப்பட்டது யோஸ்டின் அணியே. புது வீட்டு விருந்துக்குச் சென்றவர் வீட்டுக்காரரைத் தோற்கடித்துவிட்டுத் திரும்பினார்: 19க்குப் பூச்சியம். ஆயினும், கண்ணில் நிறைந்து நின்றது அந்தக் கூட்டம்தான் போலும். இல்லினாய் பல்கலைக்கழகமும் போரில் மாண்ட தன் மாணவர்களின் பெயர்களைத் தூண்களில் பொறித்து ஒரு நினைவரங்கை எழுப்பியது. 1924இல் நடந்த அதன் அர்ப்பணிப்பு ஆட்டத்திலும் எதிரணி மிச்சிகனே, இம்முறை படுதோல்வி.

மிச்சிகனுக்கும் புதிய அரங்கம் வேண்டும் என்று யோஸ்ட் வற்புறுத்தினார். பல்கலைக்கழகத்தில் எதிர்ப்பு எழுந்தது. கல்வி நிலையம் கேளிக்கைக் கூடமாகிவிடாதா என்று பேராசிரியர்கள் கேட்டனர். ஒரு சில மாணவர்கள் ஆட, பல்லாயிரம் பேர் உட்கார்ந்து பார்ப்பதற்குப் பெயர் உடற்கல்வியா என்பது மற்றொரு கேள்வி. நான் அவர்கள் பக்கம் நின்றுதான் இப்பகுதியைப் படித்தேன். விளையாட்டு நாளில் பதினைந்து பிள்ளைகள் ஓட, மற்றவர்கள் கூடாரத்தில் அமர்ந்து கைதட்டும் காட்சி நமக்குப் புதியதா என்ன?

இச்சிக்கலை ஆராய ஆசிரியர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. வணிகக் கல்வித்துறையின் தலைவரும் பொருளியல் அறிஞருமான எட்மண்ட் டே அதற்குத் தலைமையேற்றார். இவர் பின்னாளில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 1926ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த அவ்வறிக்கை என்னைப் பெரிதும் கவர்ந்தது. யோஸ்டின் கனவை அது முற்றாக மறுக்கவில்லை. அப்படியே ஏற்கவும் இல்லை. குறைந்தது 60,000 பேர் அமரும் அரங்கைக் கட்டலாம் என்றது. ஆனால், அது மிக எளிமையாக இருக்க வேண்டும். நினைவுச் சின்னமாகவோ அலங்கார மாளிகையாகவோ அமையக் கூடாது. அத்துடன், காற்பந்து வருவாயால் ஒரு சிலர் மட்டும் பயன்பெறாமல், ஆண் பெண் வேறுபாடின்றி மாணவர் அனைவரும் விளையாடுவதற்கான வசதிகள் பெருக வேண்டும் என்பதையும் அது வலியுறுத்தியது. இது வெறும் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. அணிகளில் இடம்பெறாத சாதாரண மாணவர்கள் தங்களுக்குள் விளையாடுவதற்கென்றே 1928இல் ஒரு தனிக் கட்டடம் அங்கே திறக்கப்பட்டது. அவ்வகையில் அமெரிக்காவிலேயே அது முன்னோடி என்பர். மாணவியருக்கான விளையாட்டுக் கட்டடமும் குழிப்பந்துத் திடலும் அடுத்தடுத்து வந்தன.

1926 ஏப்ரலில் பல்கலைக்கழக ஆட்சிக்குழு அரங்கிற்கு ஒப்புதல் அளித்தது. எத்தனை இருக்கைகள் என்பதில்தான் இழுபறி. ஒரு காலத்தில் 150,000 பேருக்கு இடம் தேவைப்படும் என்பது யோஸ்டின் கணிப்பு. அன்றைய நிலையில் அதைக் கேட்டவர்கள் சிரித்திருந்தாலும் வியப்பதற்கில்லை. முடிவில் 72,000 இருக்கைகள் என்று பேசி முடித்தனர்.

பணத்திற்கு என்ன செய்தார்கள்? அரசின் மானியத்தையோ மாணவர் கட்டணத்தையோ நம்பாமல், விளையாட்டுச் சங்கத்தின் பெயரில் கடன் பத்திரங்களை வெளியிட்டனர். ஒரு பத்திரத்தின் விலை 500 டாலர். மொத்தம் 3,000 பத்திரங்கள். அதாவது பதினைந்து இலட்சம் டாலர். ஆண்டு வட்டி 3 விழுக்காடு மட்டுமே. இவ்வளவு குறைந்த வட்டிக்கு யார் கடன் கொடுப்பார்? இங்கேதான் யோஸ்டின் சாமர்த்தியம் வெளிப்படுகின்றது. பத்திரம் வாங்கியவர்களுக்கு, 1927 முதல் பத்தாண்டுகளுக்கு, திடலின் நடுப்பகுதிக்கு நேராக அமைந்த நல்ல இருக்கைகளுக்கான நுழைவுச்சீட்டுகளை வாங்கும் உரிமை வழங்கப்பட்டது. சீட்டு இலவசம் அன்று. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வாங்கும் உரிமையே வட்டியின் ஒரு பகுதி போல ஆயிற்று. நம் பள்ளிகளில் கட்டட நிதிக்காக விருந்துச் சீட்டுகளைக் கையில் திணித்துவிட்டு ஓடும் நாம், கொடுப்பவர் மனம் எதை விரும்பும் என்று ஒரு நிமிடமாவது எண்ணியதுண்டா எனத் தோன்றியது.

இனி, கட்டுமானம். ஃபெர்ரி திடலுக்கு அருகே தாழ்வான ஒரு பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தனர். 1914இல் யேல் பல்கலைக்கழகம் கட்டியிருந்த கிண்ண வடிவ அரங்கம் முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது. மண்ணைத் தோண்டிக் கிண்ணம் போலாக்கி, அதன் சரிவிலேயே படிகளை அமைப்பது அம்முறை. மிச்சிகன் அரங்கில் ஏறக்குறைய முக்கால் பங்கு தரைமட்டத்திற்குக் கீழே இருக்கின்றது. உயர்ந்த சுவர்களும் ஏராளமான தூண்களும் தேவைப்படாததால் செலவு வெகுவாகக் குறைந்தது. சாலையில் செல்பவருக்கு அக்காலத்தில் அது அரங்கமாகவே தென்பட்டிராது. வாயிலைக் கடந்து உள்ளே நுழைந்தால், நாம் நிற்பது மேல் வரிசை. திடலோ காலுக்குக் கீழே வெகு ஆழத்தில்! நியூயார்க்கில் 1923இல் திறக்கப்பட்ட யாங்கி அரங்கை வடிவமைத்த ஆஸ்பர்ன் பொறியியல் நிறுவனமே இதனையும் வடிவமைத்தது.

தோண்டியபோது நிலத்தடி ஊற்றுகள் குறுக்கிட்டன. மண் சேறாகிக் குழைந்தது. பாரந்தூக்கி ஒன்று அச்சேற்றில் புதைந்துபோய், மீட்க முடியாமல் இன்றும் அரங்கின் அடியிலேயே கிடக்கின்றது என்று ஆன் ஆர்பர் மக்கள் கதை சொல்வர். கதையோ மெய்யோ, நிலத்தடி நீர் மட்டும் மெய்.

இந்தக் கட்டுமானத்தில் யோஸ்ட் செய்த ஒரு செயலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 72,000 இருக்கைகளுக்கு மட்டுமே ஒப்புதல் கிடைத்திருந்தாலும், நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் அளவுக்குப் பின்னாளில் விரிவாக்கத் தக்க அடிப்பீடங்கள் அப்பொழுதே அமைக்கப்பட்டன. அடிப்பீடம் என்பது தூணின் சுமையை மண்ணில் பரப்பிவிடும் பைஞ்சுதைத் தளம். தூண் எழும்பி, அதன்மேல் கட்டடம் அமர்ந்துவிட்ட பிறகு அடிப்பீடத்தைப் பெரிதாக்குவது மிகக் கடினம், செலவும் பன்மடங்காகும். ஆனால், மண் திறந்து கிடக்கும் வேளையில் அதைச் சற்றுப் பெரிதாக அமைக்கக் கூடுதலாக ஆவது கொஞ்சம் பைஞ்சுதையும் கொஞ்சம் கம்பியுமே. இருக்கைகளை எப்பொழுது வேண்டுமானாலும் சேர்க்கலாம். அடிப்பீடத்தை ஒரே ஒரு முறைதான் நன்றாக அமைக்க முடியும். எங்கள் கூட்டத்தில் குத்தகையாளர் சொல்ல வந்ததும் இதுவேதான். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை.

கட்டுமானச் செலவு 950,000 டாலர். 1927 அக்டோபர் 1ஆம் நாள் முதல் ஆட்டம் நடந்தது. ஒஹாயோ வெஸ்லியன் கல்லூரியை மிச்சிகன் 33க்குப் பூச்சியம் என வென்றது. அன்று பாதி இருக்கைகள்கூட நிரம்பவில்லை. அதற்குள் யோஸ்ட் மேல் விளிம்பைச் சுற்றித் தற்காலிக மர இருக்கைகளையும் சேர்த்திருந்தார். ஒப்புதல் பெற்ற 72,000 எப்படி 84,401 ஆயிற்று என்பதற்கு விடை அதுவே. அதே மாதம் 22ஆம் நாள் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துடன் அர்ப்பணிப்பு ஆட்டம். இம்முறை 84,401 இருக்கைகளும் நிரம்பின. 21க்குப் பூச்சியம் என மிச்சிகன் வென்றது.

இத்துடன் கதை முடிந்திருந்தால் யோஸ்டை ஞானி என்று போற்றிவிட்டுப் போகலாம். ஆனால், 1929இல் பங்குச்சந்தை சரிந்தது. அடுத்து வந்த பெருமந்தத்தில் மிச்சிகன் மாநிலத்தின் தானுந்துத் தொழிற்சாலைகள் முடங்கின. வேலையிழந்தவன் ஆட்டம் பார்க்கச் சீட்டு வாங்குவானா? கூட்டம் குறைந்தது. கடன் பத்திரங்களை ஆண்டுதோறும் திருப்பிச் செலுத்தும் பணியைச் சில ஆண்டுகள் நிறுத்திவைக்க நேர்ந்தது. கடைசிப் பத்திரத்தின் கடன் தீர்ந்தது 1947இல்தான். அந்த ஆண்டுகளில் பாதி காலியாகக் கிடந்த அரங்கையும், அதனடியில் எவருக்கும் பயன்படாமல் புதைந்து கிடந்த அடிப்பீடங்களையும் பார்த்தவர்கள், "இல்லாத கூட்டத்திற்கு எதற்கு ஐயா அடித்தளம்?" என்று கேட்டிருந்தால் அதைத் தவறென்று சொல்ல இயலாது. முன்கூட்டித் திட்டமிட்டவர் பல ஆண்டுகள் தவறு செய்தவராகவே காட்சியளிப்பார் என்பதை, இத்தகைய வரலாறுகளைச் சொல்லும்போது நாம் விட்டுவிடுகின்றோம்.

யோஸ்ட் 1946 ஆகஸ்டில் காலமானார். கடன் முழுமையாகத் தீர்ந்ததை அவர் காணவில்லை. விரிவாக்கத்தையும் காணவில்லை. போர் முடிந்து, படைவீரர்கள் அரசு உதவியுடன் கல்லூரிகளுக்குத் திரும்பிய காலத்தில் கூட்டம் மீண்டது. 1949இல் மர இருக்கைகளை அகற்றிவிட்டு நிலையான எஃகு இருக்கைகளை அமைத்தனர். கொள்ளளவு 97,239 ஆயிற்று. 1956இல் அது 101,001ஐ எட்டியது. அந்த ஆண்டு அக்டோபரில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக அணி வந்தபோது, அரங்கில் முதன்முறையாக இலட்சம் பேர் கூடினர். கொள்ளளவில் கடைசியாக வரும் அந்த 'ஒன்று', அன்றைய விளையாட்டுத்துறை இயக்குநர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லருக்காக ஒதுக்கப்பட்ட இருக்கையாம். அது எங்கே இருக்கின்றது என்பது மட்டும் எவருக்கும் தெரியாதாம்! அதன் பின்னர் வந்த விரிவாக்கங்களிலும் அந்த 'ஒன்று' பெரும்பாலும் தொடர்ந்தது: 1973இல் 101,701, 1992இல் 102,501, 1998இல் 107,501.

இவ்வெண்களைவிட எனக்கு முதன்மையாகத் தோன்றுவது வேறொன்று. இலட்சம் இருக்கைகள் 1956இலேயே வந்துவிட்டன என்றாலும் அவை எப்பொழுதும் நிரம்பவில்லை. 1960களில் வெற்றிடம் நிறையவே இருந்தது. 1968இல் இயக்குநராக வந்த டான் கேனம், குடும்பம் குடும்பமாக மக்களை வரவழைக்கப் பல வகையில் விளம்பரம் செய்தார். அடுத்த ஆண்டு வந்த பயிற்றுநர் போ ஷெம்பெக்லர் அணியை வெற்றிப் பாதைக்குத் திருப்பினார். 1975 நவம்பர் 8ஆம் நாள் தொடங்கி அங்கு நடந்த பல்கலைக்கழக அணியின் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்துள்ளனர். 2020 பெருந்தொற்று ஆண்டு மட்டுமே விதிவிலக்கு. அரங்கம் திறந்தது 1927. இலட்சம் பேர் தவறாமல் வரத் தொடங்கியது 1975. நாற்பத்தெட்டு ஆண்டுகள். கட்டடம் தயாராக இருந்தது. ஆயினும் கூட்டத்தைக் கொண்டுவந்தது கட்டடம் அன்று. அதற்கு ஒரு நல்ல பயிற்றுநரும், வீடு வீடாகச் சென்று அழைப்பதுபோல் உழைத்த ஒருவரும் வேண்டியிருந்தது.

ஆசிரியர் குழு வற்புறுத்திய எளிமையும் ஓரளவு நிலைத்தது. 1998 விரிவாக்கத்தின்போது, புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ராபர்ட் வெஞ்சூரியின் நிறுவனம் அரங்கின் விளிம்பைச் சுற்றி மஞ்சள் நிற அலங்கார வளையம் ஒன்றை அமைத்துக் கொடுத்தது. இரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் கழற்றிவிட்டனர்.

இவ்வளவும் யோஸ்டின் முன்னோக்கைப் பற்றியது. அவர் எண்ணிக்கையை முன்கூட்டியே அறிந்தார். ஆனால், அந்த எண்ணிக்கைக்குள் யார் யார் இருப்பார்கள் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1934 அக்டோபர் 20ஆம் நாள் இதே அரங்கில் ஜார்ஜியா டெக் அணியுடன் ஆட்டம். மிச்சிகன் அணியில் வில்லிஸ் வார்டு என்ற கறுப்பின மாணவர் இருந்தார், சிறந்த ஓட்டக்காரரும்கூட. 1890களுக்குப் பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து அவ்வணியில் முதன்மை இடம்பெற்ற கறுப்பினத்தவர் அவரே. வார்டு ஆடினால் தாங்கள் ஆடப்போவதில்லை என்று தென்மாநில அணி கூறியது. விளையாட்டுத்துறை இயக்குநராக இருந்தவர் யோஸ்ட். வார்டு அன்று ஆடவில்லை. அவருடைய அணித்தோழரும் பின்னாளில் அமெரிக்க அதிபருமான ஜெரால்டு ஃபோர்டு, இதனால் மனம் நொந்து அணியை விட்டே விலக எண்ணியவர். அன்று மிச்சிகன் 9க்கு 2 என வென்றது. அந்த ஆண்டில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது. பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள பனிச்சறுக்கு அரங்கம் யோஸ்டின் பெயரைத் தாங்கியது. 2021இல் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆலோசனைக் குழு அப்பெயரை நீக்குமாறு பரிந்துரைத்தது.

மற்றொன்று, சக்கர நாற்காலிகள். கிண்ண வடிவத்தின் சிக்கனமும் அழகும் அதன் படிகளில் இருக்கின்றன. நடக்க இயலாதவர்களுக்கோ அந்தப் படிகளே தடை. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலட்சத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அவ்வரங்கில் சக்கர நாற்காலிகளுக்கான இடங்கள் நூறுகூட இல்லை. உடலியக்கம் இழந்த முன்னாள் படைவீரர்களின் மிச்சிகன் சங்கம் 2007இல் வழக்குத் தொடுத்தது. 2008இல் உடன்பாடு ஏற்பட்டு, 2010க்குள் அவ்விடங்களை 329ஆக உயர்த்தப் பல்கலைக்கழகம் இணங்கியது. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பழைய கிண்ணத்திலேயே இடம் கண்டாக வேண்டியிருந்தது. நடைவழிகளை அகலப்படுத்தவும் இருக்கைகள் சிலவற்றை இழக்க வேண்டியிருந்தது.

அதே சீரமைப்பில்தான் வசதி படைத்தோருக்கான தனி அறைகளும் இரு பக்கங்களில் உயர்ந்த கட்டடங்களாக எழுந்தன. செல்வந்தரும் ஏழையும் ஒரே வகைப் பலகையில் அமர்ந்து வெயிலையும் பனியையும் பகிர்ந்துகொண்ட அரங்கம் பிளவுபடுகின்றதே என்று பழைய மாணவர்கள் பலர் எதிர்த்தனர். ஆட்சிக்குழுவிலும் ஐவர் ஆதரிக்க, மூவர் எதிர்க்கவே அது நிறைவேறியது. செலவு 226 மில்லியன் டாலர். யோஸ்டின் முதல் அரங்கிற்கு ஒரு மில்லியன்கூட ஆகவில்லை என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும் மலைப்பே மிஞ்சுகின்றது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத கிண்ணம் இப்பொழுது தொலைவிலிருந்தே தெரிகின்றது. 2013 செப்டம்பர் 7ஆம் நாள் நோட்டர் டேம் அணியுடன் நடந்த ஆட்டத்திற்கு வந்தோர் 115,109 பேர். நாம் ஆடும் காற்பந்தும் அங்கே நுழைந்தது. 2014 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட்டும் ரியல் மாட்ரிட்டும் மோதியபோது 109,318 பேர் திரண்டனர்.

இப்பொழுது நான் பணியாற்றும் பள்ளியிலும் ஓர் இணைக்கட்டடத்திற்கான பேச்சு நடக்கின்றது. சென்ற வாரம் வரைபடம் வந்தது. மூன்று தளங்களுக்கான தூண்கள். இப்பொழுதைக்கு இரண்டு தளங்கள். அதைக் கண்டு மகிழ்ந்தேன். பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் கீழ்த்தளத்தின் வாயிலில் மட்டுமே வரையப்பட்டுள்ளது. அறிவியல் கூடமும் நூலகமும் மேல்தளத்தில். எங்கள் மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி இருக்கின்றாள். நாள்தோறும் அவளைத் தந்தை தூக்கி வந்து இருக்கையில் அமர்த்திவிட்டுச் செல்கின்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். பேசுவதற்குப் பத்து நிமிடம் கேட்டிருக்கின்றேன்.